கரையேறும் முன்பே விரல் வந்துவிட்டது

சென்ற இதழில் டிக்டாலிக் என்ற மீனைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, துடுப்புக்குள்ளேயே தோள், முழங்கை, மணிக்கட்டு எலும்புகளை வைத்திருந்த மீன். அதில் போகிறபோக்கில், "அந்தக் காலத்து உடல்வாகை இன்றைக்கு ஓரளவு பார்க்க வேண்டுமானால் சாலமாண்டரைப் பாருங்கள்" என்று ஒரு வரி வந்தது. சாலமாண்டர் என்றால் பல்லி போன்ற உடம்புள்ள ஓர் இருவாழ்வி. கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு முழுப் பக்கங்களையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வாழைத்தோட்டத்தில் வழவழவென்ற உடம்பும் சிவப்பு வாலும் குட்டைக் கால்களுமாக ஒன்று ஓடுகிறது. அது சாலமாண்டர்தானே?
(வாசகி, தென்காசி)

இல்லை, அது அரணை. வால் சிவப்பாக இருக்கிறது என்றால் அநேகமாகக் குட்டி அரணை. வளர வளர அந்தச் சிவப்பு மங்கிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே வார்ப்பு என்பது உண்மைதான். ஆனால் அரணை பல்லி, ஓணான், பாம்பு வகையறாவைச் சேர்ந்த ஊர்வன, உடம்பு முழுக்கச் செதில். சாலமாண்டரோ தவளைக்குப் பங்காளி. அதற்குச் செதில் கிடையாது, தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், முட்டைக்கு ஓடு கிடையாது, தவளை முட்டை போல வழவழப்பான கூழுக்குள்தான் இருக்கும். உச்சி வெயிலில் சருகுக்குள் சரசரவென்று ஓடுகிற எதுவும் சாலமாண்டராக இருக்க முடியாது, காய்ந்து செத்துப்போகும். அப்புறம் ஒன்று, அரணை கடித்தால் மரணம் என்று நம் ஊரில் சொல்வதில் துளியும் உண்மை இல்லை. அதற்கு விஷமே கிடையாது. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

நீங்கள் மலையடிவாரத்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மழைக்காலத்தில் மண்ணைக் கொத்தும்போது மண்புழு போல வளையம் வளையமாக, ஆனால் வாயும் பல்லும் முதுகெலும்பும் உள்ள ஒரு பிராணி எப்போதாவது வெளிவரும். குட்டிப் பாம்பு என்று நினைத்து அதையும் வெட்டிவிடுகிறோம். அதன் பெயர் சிசிலியன். காலில்லாத இருவாழ்வி. தவளை, சாலமாண்டர், சிசிலியன் என்று இன்றைக்கு உயிரோடிருக்கும் இருவாழ்விகள் மூன்றே கூட்டம்தான். அதில் சாலமாண்டரின் இரண்டு உறவும் நம் மலையில் இருக்கிறது, சாலமாண்டர் மட்டும் இல்லை. 1880களில் பால் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற இரண்டு சுவிஸ் ஆய்வாளர்கள் இலங்கைக்கு வந்து இந்தச் சிசிலியன்களை ஆராய்ந்தார்கள். தாய், முட்டைக் குவியலைச் சுற்றித் தன் உடம்பையே வளையமாகப் போட்டுக் காவல் காப்பதை அவர்கள் வரைந்து வைத்த படங்கள் இன்றும் பார்க்க அவ்வளவு அழகு.

கேள்வி: அப்படியானால் தென்னிந்தியாவில் சாலமாண்டர் ஏன் இல்லை? எங்கள் பக்கம் கல்லில் கடல் சிப்பிகள் எல்லாம் கிடைக்கின்றனவே, புதைபடிவமாகவாவது சாலமாண்டர் கிடைக்குமா?
(வாசகர், அரியலூர்)

உங்கள் ஊர்ப் பாறைகள் டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி, அதுவும் பெரும்பாலும் கடலடிப் பாறைகள். சாலமாண்டரை அங்கே தேடிப் பயனில்லை. காரணம் கண்டங்களின் கதையில் இருக்கிறது. சாலமாண்டர்களின் பழைய எலும்புகள் கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: சுமார் 23 கோடி ஆண்டு பழைய டிரையசூரஸ் கிர்கிஸ்தானில், காரூரஸ் கசகஸ்தானில், செவுளும் வாலும் அச்சு அசலாகப் பதிந்த ஜுராசிக் காலத்துச் சாலமாண்டர்கள் சீனாவின் உள்மங்கோலியாவில். எல்லாம் வடக்கு. ஒரே பெருநிலமாக இருந்த பாஞ்சியா உடைந்தபோது வடபாதியில் தங்கிவிட்ட கூட்டம் இது. இந்தியா தென்பாதியில், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு தனியே பிரிந்து மிதந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆசியாவில் மோதியது. தவளையும் சிசிலியனும் நம்மோடு அந்தப் படகில் இருந்தன, சாலமாண்டர் இல்லை. மோதிய பிறகு வடக்கிலிருந்து வந்தவை இமயமலையின் குளிர்ந்த சரிவுகளோடு நின்றுவிட்டன. அவற்றுக்குப் பொதுவாகக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும்; கங்கைச் சமவெளியின் கோடையைத் தாண்டி நீலகிரிக்கு வருவது எப்படி? அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் ஒரு கூட்டம் மெக்சிகோ வழியாக இறங்கிப் பிரேசில், பொலிவியா வரை போய்விட்டது.

ஆனால் புதைபடிவம் என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. தெலங்கானாவில் கோதாவரிப் படுகையின் மாலேரி பாறைகளில் மெட்டோபோசர் என்ற இருவாழ்வியின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. டிரையாசிக் காலம், இருபது கோடி ஆண்டுக்கும் மேல் பழசு. தட்டையான பெரிய தலை, தலையின் முன்பக்கமாகவே கண்கள், முதலை போல ஆற்றடியில் படுத்துக்கிடந்து வேட்டையாடிய பிராணி. அது டெம்னோஸ்பாண்டில் என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய தவளை, சாலமாண்டர் எல்லாம் அந்தக் கூட்டத்தின் சிறிய உறுப்பினர்களிடமிருந்து வந்தவை என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கேள்வி: குளம் வற்றியதால் மீன்கள் அடுத்த குளத்தைத் தேடித் தரையில் தவழ்ந்தன, அப்படித்தான் துடுப்பு காலாக மாறியது என்று படித்தேன். முப்பது வருடம் வகுப்பிலும் அதையே சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன். அது இன்றும் சரிதானா?
(ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், நாமக்கல்)

ஐயா, நீங்கள் சொல்லிக் கொடுத்தது அன்றைய பாடம். ஆல்ஃபிரட் ரோமர் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன விளக்கம் அது, அன்று கையிலிருந்த எலும்புகளை வைத்துப் பார்த்தால் நியாயமான விளக்கமும்கூட. இன்றைக்கு அது நிற்கவில்லை. அது எப்படி மாறியது என்பது எனக்கு மிகப் பிடித்த கதை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1970-இல் கிழக்கு கிரீன்லாந்தில் பாறைகளை ஆராயப் போன ஜான் நிக்கல்சன் என்ற மாணவர், இந்த இடத்தில் இக்தியோஸ்டெகாவின் மண்டையோட்டுத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இக்தியோஸ்டெகா என்பது 1930களிலேயே தெரிந்த பிராணி, கால் உள்ள மிகப் பழைய முதுகெலும்பி என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் படம் போட்டிருப்பார்கள். நிக்கல்சன் சில கற்களையும் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார், அவை அங்கே ஒரு மூலையில் கிடந்தன. பத்து வருடத்துக்கு மேல் கழித்து ஜென்னி கிளாக் என்ற தொல்லுயிரியலாளர் அந்தக் குறிப்பேட்டைப் படித்து, கற்களைத் தேடி எடுத்துப் பார்த்தால், அவை இக்தியோஸ்டெகா அல்ல, அதைவிட அரிதான அகாந்தோஸ்டெகா. 1987-இல் அவரே கிரீன்லாந்துக்குப் போனார், நிக்கல்சன் குறித்து வைத்த மலைச்சரிவைக் கண்டுபிடித்தார், எலும்புக்கூடுகளைக் கொண்டுவந்தார். ஊர் திரும்பிக் கல்லைச் சுரண்டச் சுரண்டக் கை வெளிப்பட்டது, விரல்கள் வெளிப்பட்டன. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் எட்டு விரல்!

எட்டு விரல் என்பது ஆச்சரியம்தான், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அந்தக் கை இருந்த விதம். துடுப்பு போலத் தட்டை, உடம்பின் எடையைத் தாங்கும் மணிக்கட்டு கிடையாது. கழுத்துக்குள் மீனைப் போல வேலை செய்யும் செவுள். வாலைச் சுற்றி நீந்துவதற்கான துடுப்பு. அதாவது, கையும் காலும் விரலும் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் பிராணி முழுக்க முழுக்கத் தண்ணீரில் வாழ்கிறது. 36.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலை. அப்படியானால் தரையில் தவழ்ந்து தவழ்ந்து கால் வந்தது என்று எப்படிச் சொல்வது? தண்ணீருக்குள் வேறு வேலைக்காக வந்த கால், பின்னால் கரையிலும் பயன்பட்டது.

என்ன வேலை? அன்றைய ஆற்றோரங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உலகின் முதல் காடுகள் அப்போதுதான் வந்திருந்தன, இலையும் கிளையும் தண்ணீரில் விழுந்து அழுகி, ஆழமில்லாத, பாசியும் செத்தையும் அடைந்த, மூச்சுக்காற்று குறைந்த தண்ணீர். அதில் வேகமாக நீந்துவதைவிடச் செத்தையைத் தள்ளிக்கொண்டு நகர்வதும், அடியில் ஊன்றிக்கொண்டு தலையை மேலே தூக்கி ஒரு வாய் காற்று குடிப்பதும்தான் பிழைக்கும் வழி. டிக்டாலிக் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. 2004-இல் நீல் ஷூபின், டெட் டேஷ்லர் குழுவினர் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில், எல்ஸ்மியர் தீவில் அதை எடுத்தார்கள். மீன்களுக்குத் தலையும் தோளும் எலும்பால் பிணைந்திருக்கும், திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டும். டிக்டாலிக்குக்கு அந்தப் பிணைப்பு போய்க் கழுத்து வந்துவிட்டது. கண்கள் தலையின் உச்சிக்கு ஏறிவிட்டன. நுரையீரலோ அதற்கும் வெகு முன்பே, மீன்களுக்குள்ளேயே தோன்றிவிட்டது. இன்னொரு ஆய்வு 2017-இல் வந்தது: இந்த வரிசையில் உள்ள பிராணிகளின் கண்குழியை அளந்து பார்த்தால், கரையேறுவதற்கு முன்பே கண் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகிவிட்டதாம். தண்ணீருக்குள் பெரிய கண்ணால் பெரிய லாபம் இல்லை, காற்றில் வெகுதூரம் தெரியும். தண்ணீரிலிருந்து தலையை நீட்டிக் கரையில் ஓடும் மரவட்டைகளையும் பூச்சிகளையும் அவை வெகுகாலம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று எண்ணும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

நீங்கள் வகுப்பில் ஐந்து விரல் பொது விதி என்றும் சொல்லியிருப்பீர்கள். இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு விரல், ரஷ்யாவில் கிடைத்த டுலர்பெட்டானுக்கு ஆறு. ஐந்து என்பது பின்னால் நிலைத்த கணக்கு. (சாலமாண்டருக்கு முன்காலில் நாலு, பின்காலில் ஐந்து என்பதுதான் வழக்கம்.) இக்தியோஸ்டெகா நான்கு காலில் நடந்தது என்று வரைவதும் போய்விட்டது, அதன் தொடை மூட்டு நடக்கும்படி திரும்பாது, முன்கால்களை ஊன்றி உந்தி உந்தி, பிச்சாவரத்துச் சேற்றில் துள்ளுகிற மீன்களைப் போல நகர்ந்திருக்கும் என்று 2012-இல் கணினியில் மூட்டு மூட்டாக அசைத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

இந்தக் கதையிலும் ஒரு முள் இருக்கிறது. போலந்தில் சாகெல்மியே என்ற இடத்துக் கல்குவாரியில், சுமார் 39 கோடி ஆண்டு பழைய பாறையில், காலடித் தடங்கள் போன்றவை இருப்பதாக 2010-இல் அறிவித்தார்கள். அவை உண்மையில் காலடிகள் என்றால் டிக்டாலிக் பிறப்பதற்கு ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு முன்பே கால் நடந்திருக்கிறது, டிக்டாலிக் நேர்முன்னோர் அல்ல, பழைய உடல்வாகோடு தங்கிவிட்ட ஒரு கிளை என்றாகும். அவை மீன்கள் தோண்டிய குழிகள் என்று மறுப்பவர்களும் உண்டு.

கேள்வி: பனையேறிக் கெண்டை மழை நாளில் குளத்தை விட்டு வெளியே வந்து தரையில் போவதைப் பார்த்திருக்கிறேன். இன்னும் சில கோடி வருடத்தில் அதற்கும் கால் வருமா?
(வாசகர், மயிலாடுதுறை)

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் அந்த மீன் உலகப் புகழ் பெற்றது, தெரியுமா? டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்ற அதிகாரி 1791-இல் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதிய செய்தி, 1797-இல் லண்டனின் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர்கள் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. மரம் ஏறும் என்பதை இன்று யாரும் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை, தரையில் போகும் என்பது நீங்களே பார்த்தது. அது செவுள் மூடியின் முள்ளைத் தரையில் ஊன்றி நகர்கிறது, செவுளுக்கு மேலே உள்ள மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பால் காற்றை எடுத்துக்கொள்கிறது. விரால் மேலே வந்து காற்றுக் குடிப்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். ஆனால் இவற்றின் துடுப்பில் விசிறிக் காம்பு போன்ற கதிர்கள் மட்டுமே உண்டு, நம் மேற்கை எலும்பு போன்ற எலும்பு கிடையாது. டிக்டாலிக்கின் கூட்டம் வேறு, அதில் இன்று மிச்சமிருப்பவை நுரையீரல் மீன்களும் சீலகாந்த் என்ற ஆழ்கடல் மீனும், அப்புறம் கால் உள்ள நாம் எல்லோரும்தான். கால் வருமா என்று கேட்டால், வர வேண்டிய அவசியம் என்ன? பனையேறிக் கெண்டை கால் இல்லாமலே குளம் மாறிப் போய்விடுகிறது.

கேள்வி: சாலமாண்டர் மீனுக்கும் மனிதனுக்கும் இடையில் உள்ள கண்ணி என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியென்றால் அது நமக்கு முன்னோரா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

இல்லவே இல்லை. உங்கள் பெரியப்பா பேத்தி உங்களுக்குப் பாட்டி ஆக முடியுமா? நாமும் சாலமாண்டரும் சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது முன்னோரிடமிருந்து இரு கிளையாகப் பிரிந்தோம், அன்றிலிருந்து இரண்டு கிளையும் ஒரே அளவு காலம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. சாலமாண்டர் நின்ற இடத்தில் நின்றுவிடவில்லை. பழைய இருவாழ்விகளின் கனத்த மண்டையோட்டில் இருந்த பல எலும்புகளை அது விட்டுவிட்டது, உடம்பு சிறுத்தது, தோலே மூச்சு விடும் உறுப்பானது. டெக்சாஸில் கிடைத்து 2008-இல் விவரிக்கப்பட்ட ஜெரோபாட்ராக்கஸ் என்ற 29 கோடி ஆண்டு பழைய பிராணிக்குத் தவளை போன்ற அகலத் தலை, சாலமாண்டர் போன்ற உடம்பு. தவளையும் சாலமாண்டரும் தனித்தனி வழியில் போவதற்கு முன் இருந்த குடும்பத்தின் சாயல் அதில் தெரிகிறது.

அப்படியானால் நான் ஏன் சாலமாண்டரைப் பாருங்கள் என்று எழுதினேன்? நடையைப் பார்ப்பதற்காக. மீன் நீந்தும்போது உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஓர் அலை ஓடும். சாலமாண்டர் நடக்கும்போதும் உடம்பு பாம்பு போல வளைந்து வளைந்துதான் போகிறது, அந்த வளைவு ஒவ்வொரு காலையும் முன்னே தூக்கி வைக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் 2007-இல் ஒரு சாலமாண்டர் ரோபோ செய்தார்கள். தண்டுவடத்தில் நீந்துவதற்கான பழைய நரம்புச் சுற்றோடு கால்களுக்கு மெதுவான இன்னொரு சுற்றைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். குறைந்த மின்தூண்டல் கொடுத்தால் நடக்கிறது, தூண்டலைக் கூட்டினால் கால்களை மடக்கிக்கொண்டு நீந்துகிறது. பழைய நீச்சலின் மேலேயே புது நடையைக் கட்ட முடியும் என்று உலோகத்தில் செய்து காட்டிவிட்டார்கள்.

கேள்வி: சாலமாண்டரில் எத்தனை வகை?
(வாசகர், யாழ்ப்பாணம்)

800 இனங்களுக்கு மேல். வருடா வருடம் கூடிக்கொண்டே வருகிறது. மெக்சிகோவின் தோரியஸ் இனங்களில் சிலவற்றுக்கு வாலை விட்டுவிட்டால் உடம்பு 2 செ.மீ. கூட வராது, சீனத்து ராட்சதச் சாலமாண்டர் 1.8 மீட்டர் வரை வளரும். ஆனால் எண்ணிக்கையைவிட அவை போன திசைகள்தான் என்னைக் கட்டிப்போடுகின்றன. கரையேறியது பெரிய முன்னேற்றம் என்றே நாம் படிக்கிறோம் இல்லையா, சாலமாண்டர்களைக் கேட்டால் அப்படிச் சொல்லாது. அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள சைரன் முழுக்கத் தண்ணீருக்கே திரும்பிவிட்டது, பின்னங்கால்களே இல்லை. ஸ்லோவேனியா, போஸ்னியா குகைகளில் வாழும் ஓல்ம் கண் பார்வையை விட்டுவிட்டு, வெளுத்த தோலோடு, வாழ்நாள் முழுக்கச் செவுளோடு இருட்டில் இருக்கிறது. நூறு வருடம் வரை வாழக்கூடியது. போஸ்னியாவில் அடையாளம் வைத்துக் கவனித்த ஓல்ம் ஒன்று 2,569 நாள், அதாவது ஏழு வருடம், இருந்த இடத்திலிருந்து நகரவே இல்லை! மழை வெள்ளத்தில் இவை குகையை விட்டு வெளியே அடித்து வரப்படும்போது, உள்ளே இருக்கும் டிராகனின் குட்டிகள் என்று அந்த ஊர் மக்கள் நம்பியதை வால்வசோர் என்பவர் 1689-இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இன்னும் விசித்திரம் நுரையீரலையே விட்டுவிட்ட கூட்டம். மூச்சு முழுக்கத் தோலாலும் வாயின் உள்தோலாலும்தான். ஏதோ ஓரத்தில் இருக்கும் சிறு கூட்டம் என்று நினைக்காதீர்கள், எல்லாச் சாலமாண்டர் இனங்களிலும் மூன்றில் இரண்டு பங்கு இவைதான். முட்டைக்குள் கருவாக இருக்கும்போது நுரையீரலின் முளை தோன்றி, பிறகு தானாக அழிந்துவிடுவதை 2022-இல் காட்டினார்கள். நுரையீரல் போனதால் ஒரு லாபமும் வந்திருக்கிறது: தவளையும் சாலமாண்டரும் தொண்டையைப் பம்பு போல ஏற்றி இறக்கித்தான் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும், அந்த வேலை இல்லாமல் போனதும் தொண்டை எலும்புகள் நாக்கை எறியும் கருவியாக மாறிவிட்டன. நடு அமெரிக்காவின் பொலிட்டோகுளோசா எறியும் நாக்கின் வேகத்துக்கு வெறும் தசை போதாது, வில்லை இழுத்து விடுவது போல முன்கூட்டியே இழுத்துச் சேர்த்து வைத்த சக்தி வேண்டும் என்று அளந்து கண்டார்கள்.

இதே கூட்டத்தில் கலிபோர்னியாவின் என்சாட்டினாவையும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஸ்டெபின்ஸ் என்ற ஆய்வாளர் 1949-இல் எழுதினார்: வடக்கிலிருந்து இது நடுச் சமவெளியின் இரு பக்க மலைகள் வழியாகவும் தெற்கே பரவியிருக்கிறது, அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் ஒன்றோடொன்று இணைசேர்கின்றன, ஆனால் இரண்டு வழியும் தெற்கே மறுபடி சந்திக்கும் இடத்தில் ஒன்றுக்கு உடம்பெல்லாம் திட்டு, இன்னொன்றுக்கு ஒரே நிறம், பெரும்பாலும் இணைசேர்வதே இல்லை. ஓர் இனம் இரண்டாகப் பிரியும்போது இடைப்பட்டவை பொதுவாக அழிந்துபோகும். இங்கே இடைப்பட்டவை பெரும்பாலும் உயிரோடு அந்த மலைகளிலேயே இருக்கின்றன.

கேள்வி: கம்ப்யூட்டர் கேமில் ஆக்ஸலாட்டல் வருகிறது. அது ஏன் எப்போதும் குட்டி மாதிரியே இருக்கிறது? கை வெட்டுப்பட்டால் முளைக்குமாமே, நமக்கு ஏன் முளைப்பதில்லை?
(ஏழாம் வகுப்பு மாணவன், பெங்களூரு)

தம்பி, ஆக்ஸலாட்டலும் ஒரு சாலமாண்டர்தான். தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாகும்போது செவுள் போய்விடும் அல்லவா, அந்த மாற்றத்தை நடத்துவது தைராய்டு சுரப்பி. ஆக்ஸலாட்டலுக்கு அந்தச் சைகை போதாது, அதனால் தலையின் இரு பக்கமும் இறகு போன்ற செவுளோடு, குட்டி உருவத்திலேயே முட்டையும் இட்டுவிடும். 1864-இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்ஸலாட்டல்களைப் பாரீசுக்குக் கொண்டுபோனார்கள். அவை அங்கே குஞ்சு பொரித்தன, அந்தக் குஞ்சுகளில் சில வளர்ந்து திடீரென்று செவுளை உதிர்த்துவிட்டு வேறு பிராணி போல ஆகிவிட்டன. வளர்த்துக்கொண்டிருந்த ஆகஸ்ட் டுமெரில் திகைத்துப்போனார்! இன்று ஆய்வுக்கூடங்களில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அந்தப் பாரீஸ் கூட்டத்தின் வாரிசுகள்.

கை முளைப்பது உண்மை. எலும்பு, தசை, நரம்பு, விரல் எல்லாம் திரும்ப வந்துவிடும். 2018-இல் அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள், 3,200 கோடி எழுத்துகள், நம்முடையதைப் போல பத்து மடங்கு. நமக்கு ஏன் முளைப்பதில்லை என்பதற்கு நான் சொல்ல விரும்புவது ஒரு புதைபடிவத்தை. ஜெர்மனியில் கிடைத்த மைக்ரோமெலர்பெட்டான் என்ற, 29 கோடி ஆண்டுக்குக் குறையாத பழைய இருவாழ்வியின் சில எலும்புக்கூடுகளில் விரல்கள் கோணலாக ஒட்டியும் பிரிந்தும் இருக்கின்றன, இன்றைய சாலமாண்டருக்குக் கால் திரும்ப முளைக்கும்போது சில சமயம் பிசகி வருமே, அதே மாதிரி. ஆக இந்தத் திறமை மிகப் பழசு. சாலமாண்டர் புதிதாகக் கற்றுக்கொண்டது என்பதைவிட, நம் கிளை எங்கேயோ தொலைத்துவிட்டது என்பதற்கு வாய்ப்பு இருக்கிறது.

கேமில் பார்ப்பது போதும், வாங்கி வளர்க்க வேண்டாம். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நம் கோடையில் துன்பப்படும். அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ வாய்க்கால்கள். 1998-இல் அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிட்டார்கள், 2014-இல் அது சுமார் 35 ஆகிவிட்டது.

கேள்வி: சாலமாண்டர் நெருப்பில் வாழுமா?
(வாசகி, சேலம்)

வாழாது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பட்ட மரத்துக்குள் ஒதுங்கியிருக்கும், அந்தக் கட்டையை அடுப்பில் வைத்தால் உயிருக்குப் பயந்து வெளியே ஓடிவரும். பார்த்தவர்கள் நெருப்பில் பிறந்தது என்றார்கள். பாவம்.

கேள்வி: சாலமாண்டர் எலும்பை மனித எலும்பு என்று நினைத்து ஏமாந்த கதை ஒன்று உண்டாமே?
(வாசகர், கோயம்புத்தூர்)

உண்டு. ஜெர்மனியின் ஓனிங்கன் குவாரியில் கிடைத்த ஒரு மீட்டர் அளவு எலும்புக்கூட்டை, சுவிஸ் அறிஞர் ஷாய்க்சர் 1726-இல், பைபிள் சொல்லும் பிரளயத்தில் மாண்ட மனிதன் என்று எழுதினார். அவர் மோசடிக்காரர் அல்ல, மிகுந்த உழைப்பாளி, நம்பிக்கை அவர் கண்ணை மறைத்துவிட்டது. 1811-இல் குவியே என்ற பிரெஞ்சு அறிஞர் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் அந்தக் கல்லைச் சுரண்டி, இங்கே முன்னங்கால் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்ன இடத்தில் முன்னங்காலை எடுத்துக் காட்டினார். அது ராட்சதச் சாலமாண்டர். இன்றும் அங்கே டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் உறவினர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் இன்றும் உயிரோடிருக்கிறார்கள், ஆனால் சீனத்து நிலைமை மனதைக் கனக்கச் செய்கிறது. உணவுக்காகப் பண்ணைகளில் ஏராளமாக வளர்க்கிறார்கள், காட்டு ஓடைகளில் தேடினால் ஏறக்குறைய எதுவும் இல்லை. 97 மாவட்டங்களில் தேடி நாலே இடத்தில்தான் கண்டார்கள், அவையும் பண்ணையிலிருந்து வந்தவையாக இருக்கலாம். இதில் கொடுமை என்னவென்றால், ஒரே இனம் என்று நாம் நினைத்தது உண்மையில் பல இனங்கள் என்று 2018-இல்தான் மரபணு காட்டியது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வளர்த்து, காப்பாற்றுகிறோம் என்று வேறு ஊர் ஓடைகளில் கொண்டுபோய் விட்டும் விட்டார்கள். பெயர் வைக்கும் முன்பே கலந்துபோன இனங்கள்.

ஐரோப்பாவில் இன்னொரு விதமான அழிவு. கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டுள்ள நெருப்புச் சாலமாண்டர்கள் நெதர்லாந்தில் 2010 வாக்கில் தோலில் புண்ணோடு செத்து விழத் தொடங்கின, 2013-இல்தான் காரணமான பூஞ்சையைக் கண்டார்கள். ஆசியச் சாலமாண்டர்கள் அதோடு பழகியவை, செல்லப்பிராணி வியாபாரம் வழியாக அது அங்கே போயிருக்க வேண்டும். தோலால் மூச்சு விடும் பிராணிக்குத் தோல் நோய் என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கா 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது இதற்குத்தான்.

கேள்வி: இந்தியாவில் சாலமாண்டரை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்? மே மாத விடுமுறையில் போகலாமா?
(வாசகி, சென்னை)

டார்ஜிலிங். அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் ஜோர்போக்ரி என்ற மிகச் சிறிய சரணாலயம் இருக்கிறது, இரட்டைக் குளம் என்று பொருள். அதை ஏற்படுத்தியதே இமயமலைச் சாலமாண்டருக்காக. பழுப்பு உடம்பு, முதுகின் இரு பக்கமும் வரிசையாகப் புடைப்புகள், அதனால் முதலை நியூட் என்றும் சொல்வார்கள் (நியூட் என்பதும் சாலமாண்டரில் ஒரு வகைதான்). 2015-இல்தான் இதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். மே மாதத்தில் போனால் மழை வலுத்திருக்காது, பார்ப்பது அதிர்ஷ்டம். மழை பிடித்த பிறகுதான் இணைசேர்வதற்காகக் குளத்துக்கு இறங்கி வரும், மீதிக் காலம் கல்லுக்கும் கட்டைக்கும் அடியில் இருக்கும். அவற்றைப் புரட்டிப் பார்க்காதீர்கள், கையால் தொடாதீர்கள், வேறு குளத்தில் நடந்த செருப்போடு அங்கே தண்ணீரில் இறங்காதீர்கள். கரையில் உட்கார்ந்து காத்திருங்கள். காற்றுக் குடிக்க மேலே வரும்.